விண்வெளி வெற்றிடமா? ஓர் அறிவியல் ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்பில் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, "விண்வெளி வெற்றிடம்; அங்கே எதுவும் இல்லை; அதனால் ஒலி பரவாது" என்று சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "எதுவுமே இல்லையென்றால் விண்வெளி நிலையம் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது டீச்சர்? அதை அடிக்கடி மேலே தள்ளிவிடுகிறார்களாமே?" என்று கேட்டாள். நாளை சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது. நான் கற்பித்தது தவறா? விண்வெளியில் உண்மையில் என்ன இருக்கிறது? வகுப்பில் எப்படி விளக்குவது? தேர்வுத் தாளில் பிள்ளைகள் "வெற்றிடம்" என்று எழுதினால் மதிப்பெண் தரலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரமாகக் காத்திருப்பவள் உங்கள் மாணவி என்பதால் அவளுடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பூமியைச் சுற்றி வருகிறது. அந்த உயரத்தில் காற்று இல்லை என்று நாம் சொல்வது மூச்சு விடுகிறவரின் கணக்கு. ஒரு கன சென்டிமீட்டரை, அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை, நம் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். உங்கள் வகுப்பறையில் அவ்வளவு இடத்துக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. 25 என்று எழுதி அதன் பின்னால் 18 சுழியங்களைப் போட வேண்டும். நிலையம் பறக்கும் உயரத்தில் அதே சர்க்கரைக் கட்டிக்குள் சுமார் பத்துக் கோடி துகள்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனி ஆக்சிஜன் அணுக்கள். தரையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 400 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு கட்டடம், விரித்த சூரியத் தகடுகளோடு, நாளுக்குப் பதினைந்து முறைக்கு மேல் பூமியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பத்துக் கோடிகளின் மீது இடைவிடாமல் மோதிக்கொண்டே போனால் வேகம் குறையத்தான் செய்யும். அதனால்தான் நிலையம் மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை இறங்குகிறது. உந்துபொறிகளை இயக்கி அதை மறுபடி ஏற்றுகிறார்கள். அவள் கேட்டது முழுக்கச் சரி என்று வகுப்பின் முன்னால் சொல்லுங்கள்.

இந்த மெல்லிய காற்றின் பலத்தை 1979-இல் உலகமே கண்டது. ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் இன்னும் சில ஆண்டுகள் மேலேயே இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் எதிர்பார்த்ததைவிடச் சூரியன் கொந்தளிப்பாக இருந்ததால் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பியது, உராய்வு கூடியது, அந்த ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி நிலையம் விழுந்து, அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறின. தலையில் விழுந்துவிடுமோ என்று நம் ஊர்களில் மக்கள் பயந்து பேசிக்கொண்டதை உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இங்கே வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். தேநீரைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க்கின் இரண்டு சுவர்களுக்கு இடையே இருப்பது வெற்றிடம் என்று பாடநூல் சொல்கிறது. அந்த இடைவெளியில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவில் பல லட்சம் கோடி மூலக்கூறுகள் மிச்சமிருக்கின்றன. ஜெனீவா அருகே நிலத்தடியில், புரோட்டான்களை மோதவிடும் பெரிய வளைய முடுக்கியின் குழாய்க்குள் இருப்பது மனிதர் உண்டாக்கிய மிகச் சிறந்த வெற்றிடங்களுள் ஒன்று. அங்கும் அதே அளவு இடத்தில் எண்ணிக்கை லட்சங்களில் நிற்கிறது. ஆகவே "வெற்றிடம்" என்பது அறிவியலில் சுழியம் என்று பொருள்படும் சொல் அல்ல. "இந்த வேலைக்கு இவ்வளவு காலி போதும்" என்று சொல்லும் சொல். தேநீர் ஆறாமல் இருக்கப் பிளாஸ்க்கின் வெற்றிடம் போதும். புரோட்டான் தடையின்றி ஓட அது போதவே போதாது.

இனி மேலே போவோம். விண்வெளி 100 கி.மீ. உயரத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டிருப்பது வசதிக்காக வரைந்த கோடு. காற்று அந்தக் கோட்டில் நின்றுவிடுவதில்லை. பூமியிலிருந்து கசிந்து பரவும் ஹைட்ரஜன் அணுக்களின் மெல்லிய போர்வை 6,30,000 கி.மீ. வரை நீள்கிறது என்பதை, சூரியனை ஆராயும் சோஹோ விண்கலம் 1990-களில் எடுத்த பதிவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். நிலா இருப்பது சராசரியாக 3,84,000 கி.மீ. தொலைவில். அப்படியென்றால் நிலாவும் பூமியின் காற்றுப் போர்வையின் ஓரத்துக்குள்தான் சுற்றுகிறது. அங்கே அது ஐந்து சர்க்கரைக் கட்டிகளுக்கு ஓர் அணு என்ற அளவுக்குத்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பூமியின் காற்று ஓயும் இடத்தில் சூரியனின் காற்று இருக்கிறது. இது என் தொழில் தொட்ட இடம் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் எல்லாத் திசைகளிலும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமிக்கு வந்து சேர அவற்றுக்கு நான்கு நாள் ஆகிறது. வந்து சேரும்போது ஒரு சர்க்கரைக் கட்டி அளவில் ஐந்து புரோட்டான்கள்தான் இருக்கும். வால்மீனின் ஒரு வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீள்வதைக் கண்டு, சூரியனிலிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது என்று 1951-இல் லுட்விக் பியர்மான் என்ற ஜெர்மானிய வானியலாளர் சொன்னார். அந்தக் காற்று வீசித்தான் ஆக வேண்டும் என்று 1958-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் யூஜின் பார்க்கர் என்ற இளைஞர். அவருடைய கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் நிராகரித்தார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்த முடிவில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கணக்கில் பிழை காண முடியாததால் அதை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே விண்கலங்கள் அந்தக் காற்றை நேரில் அளந்துவிட்டன. தமக்கு உடன்பாடில்லாத முடிவை, பிழையில்லை என்ற ஒரே காரணத்துக்காக வெளியே விட்ட அந்த நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி ஒன்று 1970 முதல் இயங்கிவருகிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டது. மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமமாக, 11 டிகிரிக்குச் சற்று மேல், அமையும்படி இடம் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பியே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடர முடிகிறது. நான் இளைஞனாக அங்கே பதிவுகள் எடுத்த நாட்களில், உருளும் வரைபடத் தாளின் மேல் மைப் பேனா ஒன்று கோடு இழுத்துக்கொண்டிருக்கும். வானின் ஒரு வெற்று மூலையை நோக்கியிருக்கும்போது கோடு சிறு சிலிர்ப்போடு ஒரே சீராகப் போகும். ரேடியோ அலைகளை வீசும் தொலைதூரத்து வான்பொருள் ஒன்று பார்வைக்குள் வந்ததும் கோடு மேலேறும். மேலேறியதோடு நில்லாமல், நொடிக்கு நொடி நடுங்கத் தொடங்கும். அந்த வான்பொருள் சூரியன் இருக்கும் திசையை நெருங்க நெருங்க நடுக்கமும் கூடும். விண்மீன்கள் நம் காற்றின் வழியே வரும்போது மினுக்குகின்றன அல்லவா, அதே மினுக்கல்தான் இது; ஆனால் இங்கே மினுக்க வைப்பது பூமியின் காற்று அன்று, சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் திட்டுத்திட்டாக ஓடிக்கொண்டிருக்கும் சூரியக் காற்று. வெளியே சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்க, உள்ளே அந்தப் பேனா நடுங்குவதைப் பார்த்தபடி நின்ற முதல் நாளில்தான், நானும் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த "விண்வெளி வெற்றிடம்" என்ற வரி என் மனத்திலிருந்து அகன்றது.

இன்று அந்தக் காற்றை அளக்க நம் நாட்டின் ஆதித்யா எல்-1 விண்கலம், 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி புறப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிலைகொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்பதை உங்கள் மாணவியிடம் அவசியம் சொல்லுங்கள்.

சூரியக் காற்று வெளியே போகப் போக மெலிகிறது: தூரம் பத்து மடங்கானால் அடர்த்தி நூறில் ஒன்றாகும். அப்படியே மெலிந்துபோய்ச் சூரியக் குடும்பத்துக்கு வெளியே முழு வெறுமை இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. 1977-இல் புறப்பட்ட வாயேஜர் 1 என்ற அமெரிக்க விண்கலம், 2012 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, சுமார் 1,800 கோடி கி.மீ. தொலைவில் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியது. துகள்களை நேரடியாக எண்ணும் கருவி அதில் 1980-லேயே செயலிழந்துவிட்டது. ஆனால் 2013 ஏப்ரல், மே மாதங்களில், சூரியனிலிருந்து முன்பு கிளம்பியிருந்த ஒரு கொந்தளிப்பு அங்கே போய்ச் சேர்ந்து, சுற்றியிருந்த எலக்ட்ரான்களை அலைபாய வைத்தது. அந்த அலைவை வாயேஜரின் ஆன்டெனா பிடித்தது. நொடிக்கு எத்தனை முறை அலைகின்றன என்பதைக் கொண்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கணக்கிடலாம். எல்லைக்கு உள்ளே அரை லிட்டர் இடத்தில் ஓர் எலக்ட்ரான். வெளியே அதே அரை லிட்டரில் நாற்பது. சூரியனை விட்டு வெளியேறியபோது விண்வெளி அடர்த்தியாயிற்று! விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவைச் சூரியக் காற்று ஒதுக்கித் தள்ளி ஒரு குமிழியை உண்டாக்கியிருக்கிறது. நாம் அந்தக் குமிழிக்குள் வாழ்கிறோம்.

விண்மீன்களுக்கு இடையே வாயு இருக்கிறது என்பதைக் கண்டதற்கு வாயேஜர் தேவைப்படவில்லை. திருவாதிரை விண்மீன் இருக்கும் ஓரியன் கூட்டத்தின் நடுவே வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். உங்கள் பிள்ளைகள் மார்கழி இரவில் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். அவற்றுள் மின்டாகா என்பது ஒன்றையொன்று சுற்றும் விண்மீன்களின் தொகுதி. அவை சுற்றுவதால், அவற்றின் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது தெரியும் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகரும். 1904-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் யோஹன்னஸ் ஹார்ட்மன் அவற்றைப் படமெடுத்தபோது, கால்சியத்தின் கோடு மட்டும் மற்றவற்றோடு நகராமல் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கவனித்தார். அந்தக் கால்சியம் விண்மீனில் இல்லை, வழியில் இருக்கிறது என்று முடிவு செய்தார். பால்வெளியில் சராசரியாக ஒரு சர்க்கரைக் கட்டி இடத்துக்கு ஓர் அணு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஒளியாண்டுகள் கடந்து வரும் விண்மீன் ஒளி, தன் வழியில் எத்தனை அணுக்களைச் சந்திக்கிறதோ, அத்தனை மூலக்கூறுகளையும் உங்கள் வகுப்பறைக் காற்றில் ஒரு முழம்கூட நிறையாத தூரத்தில் சந்தித்துவிடும். பூக்காரம்மா கையால் அளந்து கொடுக்கும் அதே முழம். விண்வெளி எவ்வளவு காலி, ஆனாலும் எவ்வளவு பெரிது என்ற இரண்டையும் ஒன்றாக உணர்த்த எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கணக்கு இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே போடச் சொல்லலாம்.

அந்த வாயுவோடு புகையைப் போல நுண்ணிய தூசியும் கலந்திருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஒரு பங்குதான். அந்த ஒரு பங்குதான் பால்வெளியின் நடுப்பகுதியை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. மின்வெளிச்சம் இல்லாத ஊரில் பால்வெளியைப் பார்த்தால் நடுவே கரிய வெடிப்புகள் போலத் தெரியும் இடங்கள் விண்மீன் இல்லாத இடங்கள் அல்ல, தூசி மறைக்கும் இடங்கள். வெறுமை என்று கண்ணுக்குப் படுவதுதான் அங்கே மிக நிறைந்த பகுதி. புது விண்மீன்கள் பிறப்பதும் அங்கேதான். தண்ணீர், அம்மோனியா, சாராயம் உட்பட 300-க்கும் மேற்பட்ட மூலக்கூறு வகைகளை விண்வெளியில் இனம் கண்டிருக்கிறார்கள்.

பால்வெளியைப் போன்ற விண்மீன் மண்டலங்களுக்கும் அப்பால் போனால்? பேரண்டம் முழுவதற்குமான சராசரி, நான்கு கன மீட்டருக்கு ஓர் அணு. மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் நான்கைக் காலிசெய்து, அந்த நான்கிற்குள்ளும் சேர்த்து ஒரே ஓர் அணுவைப் போட்டது போல. மண்டலங்களே இல்லாத பெரும் இடைவெளிகளில் அதுவும் குறையும். அங்கே ஒரு சர்க்கரைக் கட்டி அளவை மட்டும் வெட்டி எடுத்தால் அதில் ஓர் அணுவும் இருக்காது என்று துணிந்து சொல்லலாம்.

அப்போதும் அது காலியில்லை. 1965-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும், தங்கள் ஆன்டெனாவில் எந்தத் திசைக்குத் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பேரண்டத்தின் இளமைக் காலச் சூட்டின் மிச்சம் அது. இன்று அதன் வெப்பநிலை, அதற்கும் கீழே குளிரவே முடியாத முழுச்சுழியத்துக்கு மேல் 2.7 டிகிரி. அந்த மிச்ச ஒளியின் துகள்கள் பேரண்டத்தின் எந்த மூலையில் எடுத்தாலும் ஒரு சர்க்கரைக் கட்டிக்குள் சுமார் 410 இருக்கின்றன. அணு இல்லாத இடத்தில் நானூறு ஒளித்துகள்! பழைய ஆன்டெனாத் தொலைக்காட்சியில் நிலையம் எடுக்காதபோது திரையில் கொட்டிய புள்ளி மழையில் ஒரு சிறு பங்கு இதுதான். இத்துடன் சூரியன் அனுப்பும் நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள் வேறு: உங்கள் விரல் நகத்தின் வழியே நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல், இரவிலும்கூடப் பூமியையே ஊடுருவிக்கொண்டு, கடந்து போகின்றன.

கரும்பொருள், கரும்ஆற்றல் என்று இரண்டு பெயர்களைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். பேரண்டத்தின் மொத்தத்தில் நாம் அறிந்த அணுக்களின் பங்கு சுமார் ஐந்து விழுக்காடு, கரும்பொருள் 27, கரும்ஆற்றல் 68. மண்டலங்கள் சுழலும் வேகமும் பேரண்டம் விரியும் வேகமும் இவை இருப்பதாகக் காட்டுகின்றன. இவை எவற்றால் ஆனவை என்பதற்கு இன்னும் விடையில்லை. எட்டாம் வகுப்புக்கு அவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் வகுப்பில் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். "வெற்றிடத்தில் துகள்கள் சட்சட்டென்று தோன்றி மறைகின்றன" என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அது குவாண்டம் கணக்கில் வரும் சில உறுப்புகளுக்கு வரைந்த படம். கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும் காட்சி அல்ல. வெறுமைக்குள்ளும் மின்புலம், காந்தப்புலம் போன்ற புலங்கள் அடங்கிவிடுவதில்லை என்பது உண்மை. மின்னேற்றம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று மெல்ல இழுக்கும் என்று 1948-இல் ஹென்ட்ரிக் காசிமிர் சொன்னதை, 1997-இல் நுட்பமாக அளந்தும் காட்டினார்கள். ஆனால் அந்தப் படத்தை எட்டாம் வகுப்பில் விதைத்தால், பிறகு கல்லூரியில் அதைக் களைவது கடினம்.

நீங்கள் கற்பித்தது தவறா என்று கேட்டீர்கள். "ஒலி பரவாது" என்றது சரி; "எதுவும் இல்லை" என்றது பாதி. ஒலி என்பது ஒரு துகள் பக்கத்துத் துகளை இடித்து, அது அடுத்ததை இடித்துப் போகும் செய்தி. உங்கள் வகுப்பறைக் காற்றில் ஒரு மூலக்கூறு, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றை இடித்துவிடும். விண்வெளி நிலையத்தின் உயரத்தில் இடிபடுவதற்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். சூரியக் காற்றிலோ ஒரு புரோட்டான் சூரியனிலிருந்து பூமி வரை வந்தும் இன்னொன்றை நேராக இடிக்காமலே போகலாம். துகள் இருக்கிறது, இடிப்பதற்கு ஆள் பக்கத்தில் இல்லை. அதனால் நம் பேச்சு அங்கே போய்ச் சேராது. வாயேஜர் கேட்ட "ஒலி" என்று கைபேசியில் சுற்றுவது மின் அலைவை நம் காதுக்கேற்ற ஒலியாக மாற்றியது. இதை வகுப்பில் செய்து காட்ட எளிய வழி உண்டு: பிள்ளைகளைத் தோளோடு தோள் உரச வரிசையாக நிறுத்தி, கடைசிப் பிள்ளையை மெல்லத் தள்ளுங்கள், தள்ளல் மறுமுனைக்குப் போய்ச் சேரும். அதே பிள்ளைகளை விளையாட்டுத் திடல் முழுக்கத் தள்ளித்தள்ளி நிறுத்திவிட்டு மறுபடி செய்யுங்கள். திடலில் பிள்ளைகள் இருக்கிறார்கள், செய்திதான் போகவில்லை.

நம் மொழியும் இதற்கு உதவுகிறது. வெற்றிடம் என்றால் ஒன்றும் இல்லாத இடம். வெளி என்றால் தடையில்லாமல் திறந்து கிடக்கும் இடம். மைதானத்தைத் திறந்தவெளி என்கிறோம், அங்கே புல்லும் காற்றும் இருப்பதால் யாரும் நம்மைத் திருத்துவதில்லை. "விண்வெளி" என்ற பெயர் தொடக்கத்திலேயே சரியாக அமைந்துவிட்டது, "வெற்றிடம்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் "எதற்கு?" என்ற கேள்வியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சொல்.

தேர்வுத் தாளைப் பொறுத்தவரை, "விண்வெளி வெற்றிடம் என்பதால் ஒலி பரவாது" என்று எழுதும் பிள்ளைக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுங்கள். பாடநூல் கேட்டதும் அதுதான். "துகள்கள் மிக அரிதாக, ஒன்றையொன்று இடிக்க முடியாத தூரத்தில் இருப்பதால்" என்று ஒரு பிள்ளை எழுதினால், விடைக்குறிப்பில் அந்த வரி இல்லை என்பதற்காகக் குறைத்துவிடாதீர்கள். அதற்கும் முழு மதிப்பெண்தான்.